வெள்ளிக்கிழமை மணக்கும் கணினி

கஜந்தினியின் கணினி அன்று மூன்றாம் தடவையாக அணைந்தபோது, திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்திருந்தார். ஒரு கணத்தில் மாப்பிள்ளையும் இல்லை, பொம்பிளையும் இல்லை. கறுத்த திரையில் அவளுடைய முகம்தான் தெரிந்தது. மேசைக்குக் கீழிருந்து சூடான காற்று சாம்பிராணி வாசத்தோடு ஒருமுறை எழுந்து அடங்கியது.

"இந்த மாப்பிள்ளைக்குக் கட்டுற எண்ணம் இல்லைப் போலை கிடக்கு," என்றான் சிவகரன். தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து, முழங்கால் வரை சேற்றோடு அறை வாசலில் நின்றான். "காலமையும் உதிலைதானே நிண்டவர்? பொம்பிளை பகுதிக்கு ஒருக்கால் சொல்லி வைப்பம்."

"நீங்கள் முதல் காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. பேந்து கலியாணம் பேசலாம்."

அவள் சிரிக்கவில்லை என்பதை அவன் கவனித்தான். கிணற்றடிக்குப் போனான்.

கஜந்தினி பல வருடங்களாக யாழ்ப்பாணம் நகரில் ஜெறோமின் ஸ்ரூடியோவில் கலியாண வீட்டு வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவள். சண்டிலிப்பாயிலிருந்து காலையில் நெரிசலில் நின்றபடி பஸ்ஸில் போய், யன்னலே இல்லாத அறையில் இருந்து வேலை செய்து, இருட்டியபின் திரும்புவாள். இந்த வருடம்தான் வீட்டில் இருந்தே செய்து தருகிறேன் என்று கேட்டிருந்தாள். ஜெறோம் ஒத்துக்கொண்டார், ஆனால் "சரிவருதோ பாப்பம்" என்ற சொல்லையும் சேர்த்தே ஒத்துக்கொண்டார்.

இன்று காலையில் அந்தச் சொல் தொலைபேசியில் திரும்பி வந்தது.

"தங்கச்சி, மாப்பிள்ளை பொம்பிளை ஞாயிற்றுக்கிழமை நோர்வேக்குப் பறக்கினம். சனி காலமை நான் வந்து படத்தை எடுக்கோணும். மெசின் இழுக்காதெண்டால் சொல்லும், கடையிலை இருக்கிறதிலை முடிப்பம். ஆனால் பேந்து திங்களிலை இருந்து பழையபடி கடைக்கு வாரும். வீடு வீடெண்டு நிண்டு என்ரை பேரைக் கெடுக்கேலாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வெட்டும் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது கடைசிக் கட்டம் மட்டும்: நூற்றுக்கணக்கான துண்டுகளையும் பாட்டையும் நிறத்தையும் சேர்த்து ஒரே படமாகக் கணினி தானே ஆக்கித் தரும் வேலை. அதற்கு நாலைந்து மணித்தியாலம் ஒரே மூச்சில் ஓட வேண்டும். நடுவில் அணைந்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுடைய கணினியோ தாலியைத் தாண்டுவதாக இல்லை.

சிவகரன் கால் கழுவி, இரண்டு தேத்தண்ணியோடு வந்தான். "கரண்டுதான் பிழை. ஏறி இறங்குது."

"ஏறி இறங்கினால் பிரிட்ஜும் எல்லோ நிக்கோணும்? லைற் ஒருக்காலும் சிமிட்டேல்லை."

"அப்ப வைரஸ்."

"வைரஸ் தாலிக்கும் பொன்னுருக்குக்கும் வித்தியாசம் பாக்குமோ?"

சிவகரனுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். காலையில் முதல் தடவை தொடங்கியபோது கணினி தாலி வரைக்கும் வந்து நின்றது. ஆத்திரத்தில் உடனே திரும்பப் போட்டாள். பொன்னுருக்கலிலேயே, அதாவது தாலிக்குப் பொன் உருக்கும் தொடக்கச் சடங்கிலேயே, நின்றுவிட்டது. பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போனாள். அரிசி கழுவி உலை வைத்துச் சாப்பிட்டு வந்து மூன்றாம் தரம் போட்டபோது பழையபடி தாலி வரைக்கும் வந்தது.

"இளைப்பாற விட்டால் கூடத் தூரம் ஓடுது. விடாட்டில் கெதியா நிக்குது. வைரசுக்கும் கரண்டுக்கும் இளைப்பாறுதல் தேவையில்லை. உப்பிடி நடக்கிறது சூடு ஒண்டுதான்."

"உம்மைக் கட்டினதுக்கு ஒரு சிஐடியைக் கட்டியிருந்தாலும் பயமில்லாமல் இருந்திருப்பன்," என்றான் சிவகரன். ஆனாலும் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

சூட்டைக் கண்ணால் காணும் ஒரு சின்ன நிரலை அவள் இணையத்திலிருந்து இறக்கினாள். கணினியின் மூளையான செயலி எத்தனை பாகையில் இருக்கிறது என்பதை அது திரையின் ஓரத்தில் எண்ணாகக் காட்டும். வேலையைத் தொடக்கினாள். எண் ஐம்பத்தெட்டில் இருந்து அறுபது, எழுபது, எண்பத்தைந்து என்று ஏறியது.

"காய்ச்சலே?" என்றான் சிவகரன்.

"தொண்ணூற்றாறு."

"பனடோல் குடுப்பம்."

"இது மனுசக் காய்ச்சல் அளவில்லை. தண்ணி கொதிக்கிறதுக்கு இன்னும் நாலு பாகைதான் கிடக்கு."

எண் நூறைத் தொட்டதும் வேலை நடக்கும் வேகம் பாதியாகக் குறைந்தது. சற்று நேரத்தில் எல்லாம் அணைந்தது. செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை இது. உச்சி வெயிலில் கொத்துகிற ஆள் முதலில் மண்வெட்டியை மெல்லப் போடுவான்; அதுவும் முடியாமல் போனால் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்விடுவான். அப்படிப் போகாத செயலி கருகிப் போகும். ஆகவே கணினி அணைந்தது அதன் குற்றம் அல்ல. அதை அந்த வெயிலில் நிறுத்தியது எது என்பதுதான் கேள்வி.

கணினி இருந்த இடம் சாதாரண இடம் இல்லை. முதிரை மரத்தில் சிவகரன் தானே அளவு சொல்லித் தச்சரைக் கொண்டு செய்வித்த மேசை அது. கீழே ஒரு பக்கத்தில் இழுத்துத் திறக்கும் லாச்சிகள், மறு பக்கத்தில் கணினிப் பெட்டிக்கென்று நாலு பக்கமும் அடைத்த ஓர் அலுமாரி, அதற்குத் தாமரை செதுக்கிய கதவு. பின்பலகையில் வயர் போக மட்டும் ஒரு முட்டையளவு துளை. தூசி போகாது, பல்லி போகாது, பூனை போகாது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் அவன் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான்.

கஜந்தினி பெட்டியை வெளியே இழுத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை நேரே திருப்பி வைத்தாள். காற்றுப் போதாமைதான் காரணமென்றால் இப்போது எண் இறங்க வேண்டும். இறங்கியது, ஆனால் கொஞ்சம்தான். முன்பக்க வலையில் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டினாள். சிவகரன் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து, தகட்டு மூலைகளெல்லாம் காற்றடித்தான்.

"எத்தினை இறாத்தல் காத்து வேணும்?"

"முகத்துக்கு அடிக்காதேங்கோ!"

இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் தாலிக்குச் சற்று அப்பால், மாலை மாற்றும் இடத்தில், கணினி நின்றது. வெளிக்காற்று வருகிறது, ஆனால் சூடு இருக்கும் இடத்தை அது போய்ச் சேரவில்லை. எங்கேயோ வழி அடைபட்டிருக்கிறது. உள்ளுக்கு இறங்கித்தான் பார்க்க வேண்டும். வெளியில் வெளிச்சம் மங்கிவிட்டது. அந்தச் சின்னத் திருகாணிகளை அரை இருட்டில் கழற்ற அவளுக்குத் துணிவில்லை. காலையில் பார்க்கலாம் என்று எழுந்தாள்.

"அந்த வாசத்தைக் கவனிச்சனீரோ?" என்றான் சிவகரன் சாப்பிடும்போது. "சூடாகேக்கை கோயில் மாதிரி மணக்குது. மற்ற வீட்டுக் கொம்பியூட்டரெல்லாம் பிளாஸ்ரிக் மணம். எங்கடை மட்டும்தான் இப்பிடி."

அவன் அதை நல்ல சகுனமாகவே சொன்னான். அவளும் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை யன்னலடியில் பாயை விரித்து, பெட்டியைச் சரித்துப் படுக்க வைத்தாள். சிவகரன் டோர்ச் பிடித்தான்.

செயலி என்பது ஒரு பிஸ்கட்டளவு சதுரம். அதன் தலையில் நெருக்கமாக நிறுத்திய அலுமினியத் தகடுகளால் ஆன ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டியின் மேல் ஒரு விசிறி. சூடு செயலியிலிருந்து தகடுகளுக்கு ஏறும். விசிறி ஊதும் காற்று தகடுகளுக்கு இடையில் புகுந்து, சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். தகடு சூட்டைப் பரப்புகிறது, இடைவெளி அதைக் கொண்டுபோகிறது. இரண்டில் எது அடைபட்டாலும் மற்றதால் பயன் இல்லை.

கஜந்தினி திருப்புளியால் விசிறியின் நாலு மூலையையும் கழற்றி மெல்லத் தூக்கினாள். விசிறியோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது.

கம்பளித் துண்டு போல ஒன்று. விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே, தைத்து வைத்தது போல அளவாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டாள், பிசுபிசுத்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். கிழியாமல் ஒரே துண்டாக உரிந்து வந்தது. மண்ணிறம், அங்கங்கே எண்ணெய்ப் பளபளப்பு. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

பிறகு தலையை நிமிர்த்திக் கணவனைப் பார்த்தாள்.

"என்ன?" என்றான் சிவகரன்.

"மணந்து பாருங்கோ."

மணந்து பார்த்தான். டோர்ச் வெளிச்சம் கூரைக்குத் திரும்பியது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொழுது படும் நேரத்தில் சிவகரன் குளித்து, வேட்டி மாற்றி, தூபக்காலில் சிரட்டைத் தணலைப் போட்டுச் சாம்பிராணி தூவுவான். சுவாமி அறையில் தொடங்கி வீடு முழுக்கப் புகை காட்டுவான். பிறகு சோறு போடுகிற சாமான்கள்: தோட்டத்து இறைப்பு மெசின், உழுகிற லான்ட்மாஸ்ரர், மோட்டார் சைக்கிள். கஜந்தினி ஸ்ரூடியோவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கும் வேலை எடுத்து வரத் தொடங்கி, இந்தக் கணினி வந்த நாளிலிருந்து அதுவும் அந்த வரிசையில் சேர்ந்தது. அது சேர்ந்ததற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை. இறைப்பு மெசினுக்குப் புகை காட்டினால் புகை தன்பாட்டில் மேலே போய்விடும். மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். கணினி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தாமரைக் கதவைத் திறந்து தூபக்காலை முன்னே பிடித்தால், புகை நூலாக இழுபட்டு, ஒரு சுருளும் மிஞ்சாமல் பெட்டிக்குள் போகும். சிவகரனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசை. இதுதான் பூசையை ஏற்றுக்கொள்கிற மெசின் என்று நினைத்தான். அதனால் மற்றவற்றுக்கு ஒரு சுற்று என்றால் இதற்கு மட்டும் தணல் ஆறும் வரை நின்று காட்டுவான்.

"எத்தினை வருசம்?" என்று கேட்டாள் கஜந்தினி.

"அது வந்து... ஒரு நாலு வருசம் இருக்கும். ஆனால் ஒரு வெள்ளியும் தவறவிடேல்லை."

"அதுதானே தெரியுது."

சாம்பிராணி ஒரு மரத்தின் பிசின். தணலில் விழும்போது அது முழுவதும் எரிந்து தீர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத பிசின் துளிகளாகப் புகையோடு மிதந்துபோய், படும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சும்மா தூசி என்றால் தகடுகளின் இடுக்கால் நுழைந்து மறுபக்கம் பறந்துவிடும். பிசின் பூசிய தகட்டில் பட்ட தூசி அங்கேயே தங்கும். தங்கியது அடுத்த தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரம் ஒரு பூச்சு, இடையில் ஆறு நாள் தூசி. இப்படித்தான் கம்பளி நெய்யப்பட்டது.

"நாங்கள் போயிலைக்குப் புகை போடுற மாதிரி," என்று தன்னை அறியாமல் சொன்ன சிவகரன், சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்தான்.

அவ்வளவுதான். கஜந்தினிக்கு நேற்றிலிருந்து வராத சிரிப்பு வந்தது. சிவகரன் புகையிலைச் செய்கைக்காரன். வெட்டிய இலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சு மட்டையை மூட்டி, புகையை வெளியே விடாமல் அடைத்து, இலை மண்ணிறமாகி எண்ணெய்ப் பளபளப்பு ஏறும்வரை காத்திருப்பது அவனுடைய தொழில். அதில் அவனுக்கு ஊரில் நல்ல பேர்.

"பதமாத்தான் புகை போட்டிருக்கிறியள்," என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நிறம் நல்லா ஏறியிருக்கு. யாவாரிக்குக் காட்டினால் முதல் தரம் எண்டுவான்."

"சரி சரி."

"சுருட்டாச் சுத்தித் தரட்டோ?"

"கெதியாத் துப்புரவாக்கும், நேரம் போகுது."

சிவகரன் மானிப்பாய்க்கு மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போய், பாமசியில் ஸ்பிரிட்டும் கணினிக் கடையில் ஊசிக்குழாய் போன்ற ஒன்றில் அடைத்த பசையும் வாங்கி வந்தான். வழியில் யாரும் நிறுத்திக் கதை கேட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போயிருப்பான்.

தகட்டுக் கட்டியைச் செயலியிலிருந்து தூக்கியபோது, நடுவில் இருந்த பழைய பசை காய்ந்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது.

"விபூதி," என்றாள் கஜந்தினி.

"சத்தியமா உது நான் போடேல்லை!"

அது அவன் போட்டதல்ல. செயலியின் முகமும் தகட்டின் அடியும் பார்வைக்குக் கண்ணாடி போல இருந்தாலும், நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். பள்ளங்களில் காற்று தங்கும். காற்று சூட்டைக் கடத்துவதில் படுசோம்பேறி. அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் பசை. வருடக்கணக்கில் வெந்தால் அது காய்ந்துவிடும். அவள் இரு பக்கத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப் பசையை ஒரு பயறளவு வைத்தாள்.

"இவ்வளவே? கஞ்சத்தனம் பிடியாதையும், அப்பிவிடும்."

"இது சந்தனம் இல்லை அப்புறதுக்கு. பள்ளம் நிரம்பினால் காணும். கூடப் போட்டால் பசையே நடுவிலை சுவராகிவிடும்."

தகடுகளை ஸ்பிரிட்டில் நனைத்துப் பல்துலக்கும் தூரிகையால் இடுக்கிடுக்காகத் தேய்த்தது சிவகரன். யாரும் சொல்லாமலே அந்த வேலையை எடுத்துக்கொண்டான். கழுவி வடிந்த ஸ்பிரிட் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அவன் அதை அவசரமாக முற்றத்தில் ஊற்றினான். அவள் பார்த்துவிட்டாள்.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி வேலையைப் போட்டபோது எண் எழுபத்திரண்டில் நின்றது. படம் பொன்னுருக்கலைத் தாண்டியது, தாலியைத் தாண்டியது, மாலை மாற்றுவதையும் தாண்டியது. மாப்பிள்ளை முதன்முதலாகக் கலியாணமானவராகச் சிரித்தார்.

"கட்டிப்போட்டார்!" என்று சிவகரன் கையைத் தட்டினான்.

ஆனால் வெள்ளிக்கிழமை. வீடு கழுவ வேண்டும், நிலமெல்லாம் தண்ணீர் ஓடும். பாயில் ஓடும் கணினியை அப்படியே விட முடியாது. மேசைக்கு மேல் திரையும் இரண்டு ஒலிபெருக்கியும் இருந்ததால் இடம் இல்லை. கஜந்தினி வேலையை நிறுத்தி, பெட்டியை அதன் அலுமாரிக்குள் தள்ளி, வயரெல்லாம் கொழுவி, தண்ணீர் தெறிக்காமல் தாமரைக் கதவைச் சாத்தி, முதலிலிருந்து தொடக்கினாள். துணிச்சல் வந்துவிட்டது. இனி என்ன?

எண் எழுபத்திரண்டில் நிற்கவில்லை. எண்பதைத் தாண்டி, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. சிவகரன் விளக்குமாற்றோடு அறைக்குள் எட்டிப் பார்த்தபோது தொண்ணூற்றொன்று. கஜந்தினி வேலையை நிறுத்தினாள். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஜெறோம் அண்ணைக்கு எடுத்துச் சொல்லுறன். இண்டைக்கே பெட்டியைக் கொண்டுபோனால் கடையிலையாவது முடியும்."

சிவகரனுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. அவள் கடைக்குப் போகத் தொடங்கினால் மத்தியானத்தில் தோட்டத்திலிருந்து வந்து அறை வாசலில் நின்று யாரைப் பகிடி பண்ணுவது? அதை அவன் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஆள் இல்லை.

"கொஞ்சம் பொறும். வெளியிலை எழுபத்திரண்டு, உள்ளை தொண்ணூறு. அப்ப பிழை பெட்டியிலை இல்லை."

"அலுமாரியிலைதான். அது எனக்குத் தெரியுது. ஆனால் முன்னாலை கதவிலை நீக்கல் கிடக்கு, காத்து வருது. பின்னாலை துளை கிடக்கு. எங்கை பிழைக்குது எண்டுதான் விளங்கேல்லை. காத்தைக் கண்ணாலை பாக்கேலாதே."

"பாக்கலாம்," என்றான் சிவகரன். விளக்குமாற்றைச் சாத்திவிட்டுப் போய் ஓர் ஊதுபத்தியோடு வந்தான்.

"இன்னும் புகையோ!"

"ஒரு குச்சிதான். இது பூசைக்கில்லை."

கதவைத் திறந்து, கையை உள்ளே நுழைத்து, பெட்டியின் பின்பக்கம் விசிறி ஊதும் இடத்துக்கு நேரே ஊதுபத்தியைப் பிடித்தான். கஜந்தினி டோர்ச் அடித்தாள். பெட்டியிலிருந்து வந்த சூடான காற்று புகையைத் தள்ளிக்கொண்டு பின்பலகையில் போய் மோதியது. முட்டையளவு துளைக்குள் வயர்கள்தான் நிறைந்திருந்தன. புகையில் கால்வாசி கூட அதன் வழியே போகவில்லை. மிச்சம் திரும்பி, இரு பக்கமும் அலுமாரிச் சுவரோடு ஊர்ந்து, மெல்ல முன்னுக்கு வந்து, முன்பக்க வலையால் மீண்டும் பெட்டிக்குள் இழுபட்டது. வெளியேற்றிய சூட்டையே கணினி திரும்பத் திரும்பச் சுவாசித்துக்கொண்டிருந்தது.

இருவரும் தலையோடு தலை முட்ட அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடில்," என்றான் சிவகரன்.

"என்ன?"

"போயிலைக் குடில். புகை உள்ளுக்கையே சுத்தோணும் எண்டு ஓட்டையெல்லாம் அடைக்கிறனாங்கள் எல்லோ, அதே வேலை. பழக்க தோசத்திலை தச்சருக்கும் அதையே சொல்லியிருக்கிறன்." அவன் முதிரைப் பலகையை ஒருமுறை தடவினான். "நல்ல பலகை."

பின்பலகையை அரியச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அந்த மேசையை அவன் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். சிவகரன் தானாகவே எழுந்து போய்க் கைவாளோடு வந்தான். பெட்டியை வெளியே எடுத்து, மேசையைத் திருப்பி, பின்பலகையில் பென்சிலால் ஒரு பெரிய சதுரம் கீறி, வாளை வைத்தான்.

"கண்ணை மூடிக்கொண்டு அரியாதேங்கோ!"

"பாக்கேலாமல் கிடக்கு."

"நான் பாக்கிறன். வலப்பக்கம் வாங்கோ. இன்னும். அங்காலை, அங்காலை. ஆ, கீறிலை நிக்கிறியள்."

முதிரை இலகுவில் விட்டுக்கொடுக்கவில்லை. பலகை விழுந்தபோது அவன் சேர்ட் முழுக்க வியர்வை. தாமரைக் கதவையும் பிணைச்சலோடு கழற்றினான். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி, பின்பக்கம் யன்னலைப் பார்க்க வைத்து, பெட்டியை உள்ளே தள்ளினார்கள். இப்போது வீட்டுக்குள்ளிருக்கும் குளிர்ந்த காற்று முன்னால் வரும், சூடு பின்னால் யன்னலால் போய்விடும். ஒன்றையொன்று சந்திக்க வழியில்லை. ஊதுபத்தியைத் திரும்பவும் பிடித்துப் பார்த்தார்கள். புகை ஒரே கோடாக யன்னல் கம்பிக்குள்ளால் முருங்கை மரத்துக்குப் போனது.

வேலையை முதலிலிருந்து தொடக்கினார்கள். எண் எழுபத்துநாலில் நின்றது. கஜந்தினி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

*

பொழுது படும் நேரம். படம் முக்கால்வாசி முடிந்து, சாப்பாட்டுப் பந்திக்கு வந்திருந்தது. கஜந்தினி கதிரையை விட்டு எழும்பவில்லை. சுவாமி அறையில் மணி அடித்தது. பிறகு புகையின் வாசம் வரவேற்பறைக்கு வந்தது, குசினிக்குப் போனது, முற்றத்துக்கு இறங்கியது. லான்ட்மாஸ்ரர் முடிந்திருக்கும். மோட்டார் சைக்கிள் முடிந்திருக்கும். அவள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

அறை வாசலில் காலடி நின்றது.

"இல்லை," என்றாள் திரும்பாமலே.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே."

"கையிலை தூபக்காலை வைச்சுக்கொண்டு என்ன கேக்கக் கிடக்கு?"

"நாலு வருசமாக் காட்டினது. இண்டைக்கு மட்டும் விட்டால் கோவிக்கும்."

"நாலு வருசமாக் காட்டினதுக்குத்தான் கோவிச்சது."

சிவகரன் நகரவில்லை. தணல் சிவந்துகொண்டிருந்தது. வேட்டி, நெற்றியில் மூன்று குறி, தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன விரல்கள். கஜந்தினி திரும்பி அவனைப் பார்த்தாள். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"சரி. முன்னாலை வரப்படாது. பின்னாலை போய்க் காட்டுங்கோ."

"சாமிக்குப் பின்னாலை நிண்டு ஆரும் காட்டுவினமோ?"

"இந்தச் சாமிக்கு வாய் முன்னாலை. பின்னாலை எண்டால் காட்டுங்கோ, இல்லாட்டில் குசினிக்குப் போங்கோ."

அவன் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்துக்குள் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு புகுந்தான். தான் அரிந்த சதுரத்துக்கு முன்னால் குந்தியிருந்து, பயபக்தியோடு தூபக்காலை நீட்டினான். கணினி அதை வாங்கிக்கொள்ளவில்லை. பின்விசிறி ஊதிய சூடான காற்று புகை முழுவதையும் சுருட்டி, அப்படியே அவன் முகத்தில் அடித்தது. இருமல், தும்மல், மீண்டும் இருமல்.

"என்ன சொல்லுது?" என்று மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள் கஜந்தினி.

"திருப்பி... எனக்கெல்லோ காட்டுது!"

"நாலு வருசக் கடன் போலை."

கண்ணிலிருந்து நீர் வடிய அவன் வெளியே வந்தபோது எண்ணைப் பார்த்தான். எழுபத்துநாலு. ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, தூபக்காலை முற்றத்தில் வைத்துவிட்டு வந்து கதிரையை இழுத்துப்போட்டான். பந்தி முடிந்தது. பொம்பிளையை வழியனுப்பினார்கள், தாய் அழுதாள், கார் புறப்பட்டது. நூறு வீதம் என்று திரை சொன்னபோது கஜந்தினி நாற்காலியில் சாய்ந்து மூச்சை விட்டாள். "எண்டாலும் தாலி கட்டினாரோ எண்டு ஒருக்காப் போட்டுப் பாரும்," என்றான் சிவகரன்.

*

சனி காலை ஜெறோம் வந்தார். படத்தை அங்கங்கே ஓடவிட்டுப் பார்த்து, "வடிவா வந்திருக்கு" என்று பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டார். அவருடைய பார்வை யன்னல் விளிம்பில் சாசரில் கிடந்த கம்பளித் துண்டில் விழுந்தது. கஜந்தினி நடந்ததைச் சொன்னாள். சிவகரன் தேத்தண்ணி போடும் சாட்டில் குசினியிலேயே நின்றான்.

"தம்பி, எங்கடை மாதா கோயிலிலையும் தூபம் காட்டுறதுதான்," என்று ஜெறோம் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். "ஆனால் சாமான் சக்கட்டுக்குக் காட்டுறேல்லை!"

"சரி அண்ணை, விடுங்கோ," என்றது குசினி.

ஜெறோம் சிரித்து முடித்துக் கஜந்தினியைப் பார்த்தார். "திங்கள் கடைக்கு வாரும் தங்கச்சி."

அவளுடைய முகம் விழுந்தது.

"வேலைக்கில்லை, வேலையை இஞ்சையே வைச்சுச் செய்யும். கடையிலை இருக்கிற பெட்டியும் இப்ப கொஞ்ச நாளா நிண்டு நிண்டுதான் ஓடுது. ஒருக்காத் திறந்து பாரும். ஆனால் அங்கை ஒருத்தரும் சாம்பிராணி காட்டுறேல்லை, அது வேறை ஏதோ வருத்தம்."

"அங்கை அது ஆற்றை கதிரைக்குப் பக்கத்திலை கிடக்கு?" என்று கேட்டாள் கஜந்தினி.

"என்ரை கதிரைக்குப் பக்கத்திலை."

பேச்சோடு பேச்சாகச் சிகரெட் பெட்டியை வெளியே எடுத்திருந்த ஜெறோம், அதை ஒரு கணம் பார்த்தார். சாசரில் கிடந்த கம்பளியைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார்.

தேத்தண்ணியோடு வந்த சிவகரன் அதைக் கண்டுவிட்டான். "அண்ணை," என்றான் மிகவும் மரியாதையாக, "புகை போடுறதெண்டால் எங்கடை தோட்டத்துக்கு வாங்கோ, பதம் நான் சொல்லித் தாறன்."

வெளியே, கோழிக்கூட்டின் வாசலில் புதிதாகப் பொருத்திய தாமரைக் கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு ஒரு பேட்டுக்கோழி வெளியே வந்தது.